சொண்டுக்கும் முரசுக்கும் நடுவே

அந்தச் சனிக்கிழமை காலை தவராசா பின்வளவில் குப்பைத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு இருமியதை நகுலேஸ்வரி குசினி யன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே தூறல். அவருடைய இடது கை தொட்டியின் மூடியில் ஊன்றியிருந்தது. உடம்பு இரண்டாக மடிந்து, முழங்கால் நடுங்கி, முகம் கறுத்துப்போயிருந்தது. வலது கை மட்டும் அந்தப் பாடு எதிலும் சேராமல், சிகரெட் நனைந்துவிடாதபடி உள்ளங்கையைக் குடையாகக் கவிழ்த்துக்கொண்டு தோளுக்கு மேலே பத்திரமாக நின்றது. இருமி ஓய்ந்ததும் அவர் நிமிர்ந்தார். கண்ணைத் துடைத்தார். அந்தக் கையை வாயிடம் கொண்டுபோனார்.

சிகரெட்டை விட்டு அது ஆறாவது நாள். விட்டதும் நாலாவது தடவை. அவருக்கு ஐம்பத்து நாலு வயது. வீடுகளுக்குக் குசினி அலுமாரி பொருத்துகிற வேலை. பத்தொன்பது வயதில் ஊரில் தொடங்கிய பழக்கம் பாரிசுக்கும் கூட வந்து, அங்கிருந்து லண்டனுக்கும் வந்திருந்தது. தை மாதம் மூச்சுப் பரிசோதனை செய்த டொக்டர், உங்கள் சுவாசப்பைக்கு எழுபத்தைந்து வயதாகிவிட்டது என்று சொன்னார். கூடப் போயிருந்த மகள் கோசிகா வீடு வரும் வழியெல்லாம் அழுதாள். அதன்பிறகு தோலில் ஒட்டுகிற பட்ச் வாங்கினார்கள். கடிக்குது என்று மூன்றாம் நாளே பிய்த்து எறிந்தார். சூயிங்கம் செருப்பைச் சப்புவது போல இருக்கிறது என்றார். விட்டிருந்த நாட்களில் ரெய்னர்ஸ் லேனில் இருந்த அந்தச் சிறிய வீட்டில் யாரும் கோப்பையைக்கூடச் சத்தமாக வைக்க முடியவில்லை. முந்தாநாள் புட்டு உதிர்ந்துபோனதென்று தட்டோடு சுவரில் எறிந்திருந்தார். நகுலேஸ்வரி சுவரைத் துடைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

இப்போது அவள் அடுப்பை நிறுத்தினாள். மேலே போய், தன் கைப்பையின் உட்பக்கத்து ஸிப்பைத் திறந்தாள். கை அங்கேயே கொஞ்சம் தயங்கியது. பிறகு உள்ளே இருந்ததை எடுத்துக்கொண்டு இறங்கி, பின் கதவைத் திறந்தாள்.

"இஞ்சருங்கோ. உதை எறிஞ்சுபோட்டு உள்ளுக்கு வாங்கோ. உங்களுக்கு ஒரு சாமான் தாறன்."

சப்பாத்து மை வருகிற பேணியைப் போல வட்டமான, நீல நிறப் பிளாஸ்டிக் பேணி. திறந்தால் உள்ளே வெள்ளை வெள்ளையாகச் சின்னப் பைகள். தவராசா ஒன்றை எடுத்து மணந்து பார்த்தார்.

"என்ன உது? தேயிலைப் பை குட்டி போட்ட மாதிரி."

"பவுச். உள்ளுக்கு நிக்கொட்டின் இருக்கு. புகை இல்லை, பத்த வைக்கத் தேவையில்லை." அவள் தன் மேலுதட்டை ஒரு விரலால் தூக்கி, பல்லுக்கு மேலே ஈறைக் காட்டினாள். "இந்தா, சொண்டுக்கும் முரசுக்கும் நடுவில வையுங்கோ. சப்பாதேங்கோ. எச்சில் ஊறினால் விழுங்காதேங்கோ, விக்கல் வரும். அரை மணித்தியாலம் வைச்சால் காணும். பேந்து எடுத்து இந்த மேல்மூடிக்குள்ள போடுங்கோ. ஒரு நாளைக்கு நாலுக்கு மேல வேண்டாம். ஒரே இடத்திலயும் வைக்கக் கூடாது, முரசு தேஞ்சுபோம்."

"உது உனக்கு எங்காலை?"

"வேலையில ஒரு லித்துவேனியாக்காரி தந்தவ."

அது பொய்யில்லை. முதன்முதலாகத் தந்தது ஆறு வருஷத்துக்கு முன்னர் என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை. அவர் பேணிக்குள் பார்த்தார். ஆறேழு பைகள் குறைந்திருந்தன. அவளைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் உதட்டைத் தூக்கி உள்ளே வைத்தார். ஐந்து நிமிஷத்தில் விக்கல் பிடித்துக்கொண்டது. விழுங்காதே என்றால் முதலில் விழுங்குகிறவர் அவர். ஒவ்வொரு விக்கலுக்கும் தோள் தூக்கித் தூக்கிப் போட, பள்ளிக்கூடப் பிள்ளை போல முழித்துக்கொண்டு இருந்தவரைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். அன்று முழுக்க அவர் பின்வளவுக்குப் போகவில்லை.

நகுலேஸ்வரிக்கு முதல் சிகரெட்டைத் தந்தவள் டொலறஸ் என்ற தமிழ்ப் பெண். பாரிசில் இருவரும் ஒரு பெரிய கண்ணாடிக் கட்டடத்தில் கந்தோர்கள் துப்புரவாக்கினார்கள். விடிய ஐந்து மணிக்குத் தொடங்கி, கோட்டு சூட்டுப் போட்ட ஆட்கள் வருவதற்குள் முடித்துவிட வேண்டும். ஒரு மாசி மாதம், குப்பைப் பைகளை வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டுப் பின்படியில் நின்றபோது, குளிரில் நகுலேஸ்வரியின் பல் கிடுகிடுத்தது. "ஒருக்கா இழு, நகுலா. செத்துப்போக மாட்டாய்," என்று டொலறஸ் தன் சிகரெட்டை நீட்டினாள். கைக்குழந்தையாக இருந்த கோசிகாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்த காலம் அது. அந்தப் பின்படியில் நின்ற பத்து நிமிஷத்தில் யாரும் அவளை எதற்கும் கூப்பிடவில்லை. அவளுக்குப் பிடித்தது புகையா அந்தப் பத்து நிமிஷமா என்று அவளுக்கே தெரியாது. ஒரு நாளைக்கு இரண்டு. அதற்குமேல் ஒருபோதும் போகவில்லை. மணத்தை மறைக்க ஏலக்காய், கராம்பு, கைக்கு எலுமிச்சம்பழத் தோல், தலைக்குத் தனியாக ஒரு துணி. தவராசாவின் சட்டையிலேயே எந்நேரமும் புகை மணந்ததால் வீட்டில் வந்த எந்த வாசத்துக்கும் ஆள் தேட வேண்டியிருக்கவில்லை.

லண்டனுக்கு வந்தபின் ஆஸ்பத்திரிச் சமையற்கூடத்தில் வேலை கிடைத்தது. நோயாளிகளின் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்குகிற இடம். வளவுக்குள் எங்கேயும் புகைக்க முடியாது. அப்போதுதான் அந்த லித்துவேனியாப் பெண் பவுச்சைக் காட்டினாள். முதல் நாள் தலை சுற்றி, ஓங்காளித்து, சோற்றுத் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு பேணியின் பின்னால் பொடி எழுத்தில் இருந்ததையெல்லாம் கோசிகாவின் பழைய அகராதியை வைத்து வாசித்தாள். பழகாதவர்கள் தொடக்கூடாது. பதினெட்டு வயதுக்குக் கீழே கூடாது. பிள்ளைத்தாய்ச்சி கூடாது. இருதய வருத்தக்காரர் டொக்டரைக் கேட்க வேண்டும். குழந்தைகளுக்கும் நாய்க்கும் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். பழகிவிடும் என்றும் எழுதியிருந்தது. அதை அவளுக்கு யாரும் எழுதிக் காட்டத் தேவையில்லை. மென்மையானதாகப் பார்த்து வாங்கினாள். இடம், வலம், இடம் என்று மாற்றி வைத்தாள். ஆறு வருஷம் அவள் வாய்க்குள் என்ன இருந்ததென்று புருசனுக்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது. கோயிலில் பக்கத்தில் இருந்து தேவாரம் பாடியவர்களுக்கும் தெரியாது.

தவராசா மூன்று கிழமையாகியும் சிகரெட்டைத் தொடவில்லை. ஐந்தாவது கிழமை இருமல் குறைந்தது. படியேறும்போது நின்று நின்று ஏறியவர் கதைத்துக்கொண்டே ஏறினார். வால்தம்ஸ்டோவில் இருந்த அவருடைய அக்கா அருள்நாயகி, தம்பியின் பெயருக்கு ஒரு அபிஷேகம் செய்வித்துப் பிரசாதத்தோடு வந்தாள். "மனத்திடம் வேணும். என்ர தம்பிக்கு அது சின்னனிலயிருந்தே இருக்கு," என்று சொல்லி அவர் நெற்றியில் திருநீற்றைப் பூசினாள். நகுலேஸ்வரி எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். தவராசா அக்காவின் தலைக்கு மேலால் அவளைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார்.

அவருக்கு அப்போது தெரிந்திருந்தது. அதற்கு முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கோசிகா வெளியே போயிருந்த நேரம், தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு இருந்தவர் திரும்பாமலே கேட்டார்.

"நீயும் பாவிக்கிறனி, என்ன?"

"ஓம்," என்றாள்.

"கனகாலமோ?"

"ஓம்."

"அதுக்கு முந்தி?"

"சிகரெட். பாரிசில. நாளுக்கு ரெண்டு."

எழும்பிப் போய்விடுவார், அல்லது அடிப்பார் என்று நினைத்தாள். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "எடி கள்ளி! என்னட்டையே மணக்காமல் பத்தியிருக்கிறாய்." பேணியைத் திறந்து அவள் பக்கம் நீட்டினார். அவள் ஒன்றை எடுத்தாள். அவரும் எடுத்தார். இருவரும் மேலுதடு லேசாகப் புடைத்திருக்க, ஒரே சோபாவில் அருகருகே இருந்தார்கள். இருபத்தைந்து வருஷக் கலியாணத்தில் தன்னைப் பற்றிய ஒரு விஷயத்தை ஒளிக்காமல் அவர் பக்கத்தில் இருந்தது அன்றுதான் முதல் தடவை. "வெளியில ஒருத்தருக்கும் சொல்லிப்போடாத. எனக்குத்தான் வெக்கம்," என்று அவர் சொன்னதைக்கூட அவள் அன்பாகவே எடுத்துக்கொண்டாள். அப்படிப் பல மத்தியானங்கள் இருந்தன. அவற்றை நினைப்பதைத்தான் பின்னாளில் அவள் தவிர்த்தாள். மற்றதையெல்லாம் அவளால் தாங்கிக்கொள்ள முடிந்தது.

சித்திரை போய் வைகாசி வந்தபோது நீலப் பேணி அவருக்குப் போதாமல் வந்தது. வேலைத்தலத்தில் ஒரு பெடியன் கறுப்புப் பேணி ஒன்று கொடுத்தானாம். அதை வாயில் வைத்தால் மூளைக்குள் ஐஸ் தண்ணி ஊற்றின மாதிரி இருக்குது என்றார். நாலு என்பது எட்டாகி, பிறகு எண்ணிக்கையே இல்லாமல் போயிற்று. ஒன்றுக்குப் பதிலாக இரண்டை ஒரே நேரத்தில் வைத்தார். வைத்துக்கொண்டே நித்திரையானார். தலையணையில், குளிக்கிற தொட்டியில், காரின் கோப்பை வைக்கிற குழிக்குள் எல்லாம் காய்ந்த வெள்ளைப் பைகள் கிடந்தன. அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். சாப்பாட்டுக்கு மனம் இல்லை என்றார். கை வேர்த்தது. முன்பல்லுக்கு மேலே முரசு வெளிறித் தோல் உரிந்தது.

"ரெண்டு வைக்காதேங்கோ. உது எத்தினை மில்லிகிராம் எண்டு பாத்தனீங்களோ? நெஞ்சு படபடக்குது எண்டு நேற்றும் சொன்னனீங்கள். விட்டு, பழையபடி நீலத்துக்கு வாங்கோ."

"நீ எனக்குப் படிப்பிக்காத."

"பேணியில எழுதியிருக்கு."

"சிகரெட் பெட்டியிலயும்தான் எழுதியிருந்தது. செத்த சுவாசப்பையின்ர படமும் போட்டிருந்தது. அதைப் பாத்துக்கொண்டுதான் முப்பத்தைஞ்சு வருஷம் பத்தினனான்."

டொக்டரிடம் கேட்போம் என்றாள். சிகரெட்டை விட்டாயிற்று, இனி அவரிடம் என்ன கேட்கிறது என்றார். ஒருநாள் கறுப்புப் பேணியை எடுத்து அரிசி வாளிக்குள் ஒளித்தாள். அவர் அலுமாரி முழுவதையும் கொட்டிக் கவிழ்த்தார். கோசிகா மேலேயிருந்து ஓடிவந்து, "வாட்ஸ் ஹப்பனிங்?" என்று கேட்டபோது, நகுலேஸ்வரி வாளிக்குள் கையை விட்டுப் பேணியை எடுத்துக் கொடுத்தாள். "அம்மா, ஏன் ஒளிக்கிறீங்கள்? அப்பா எவ்வளவு கஷ்டப்பட்டு சிகரெட்டை விட்டவர்," என்று கோசிகா சொன்னாள்.

ஆனியில் அருள்நாயகியின் மகளுக்குக் கலியாண எழுத்து, பதிவாளர் முன்னால் கையெழுத்து வைக்கிற நாள். ஹரோவில் ஒரு மண்டபம். இருநூறு பேர். மத்தியானச் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தார்கள். தவராசா மாமன் முறையில் மேசை மேசையாகப் போய் எல்லோரையும் சாப்பிடச் சொன்னார். காலையிலிருந்து அவர் வாயில் தண்ணி தவிர ஒன்றும் போகவில்லை என்பது நகுலேஸ்வரிக்கு மட்டும் தெரியும். மேலுதடு இரண்டு பக்கமும் புடைத்திருந்தது. தூரத்திலிருந்து பார்க்க அவர் எதற்கோ கோபமாக இருப்பது போலத் தெரிந்தது. அவள் கையால் வாயைத் தொட்டுக் காட்டி, எடுங்கோ என்று சைகை செய்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு மேசை விளிம்பைப் பிடித்தார். நெற்றியில் வேர்வை குப்பென்று கிளம்பியது. பாயாசக் கிண்ணங்களுக்கு மேலே வாந்தி எடுத்துவிட்டு, அப்படியே பக்கத்துக் கதிரையோடு சரிந்தார்.

அம்புலன்சில் வந்த பெண் கையுறை போட்ட விரலால் அவர் உதட்டைத் தூக்கி, இரண்டு பைகளை எடுத்து ஒரு கடதாசித் துவாயில் வைத்தாள். சுற்றி நின்ற சனம் எட்டிப் பார்த்தது. "என்னது, போதைப் பொருளோ?" என்று யாரோ பின்னால் கேட்டார்கள்.

அவசரப் பிரிவில் திரைச்சீலைக்குள் அவர் படுத்திருந்தார். நெஞ்சில் வயர்கள். கையில் சேலைன். ஒரு பக்கம் அருள்நாயகி, பட்டுச்சேலையில் வாந்தி காய்ந்த கறையோடு. மற்றப் பக்கம் கோசிகா. கால்மாட்டில் நகுலேஸ்வரி. இள வயது டொக்டர் பெண் ஒருத்தி வந்து கறுப்புப் பேணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றுக்கு ஐம்பது மில்லிகிராம் என்று அதில் போட்டிருப்பதைக் காட்டினாள். ஒரே நேரத்தில் இரண்டு வைத்தீர்களா, வெறும் வயிற்றிலா என்று கேட்டாள். இருதயத்துக்குச் சேதமில்லை, நிக்கொட்டின் அளவுக்கு மிஞ்சிப்போயிருக்கிறது, ஆறு மணித்தியாலம் வைத்துப் பார்ப்போம் என்றாள். புகைப்பதை நிறுத்த இதைக் கைப்பிடியாகப் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் குறைந்த அளவில் தொடங்கிக் குறைத்துக்கொண்டே போக வேண்டும், உங்கள் சுவாசப்பைக்கு இதை டொக்டர் ஒருவரைக் கேட்டுத்தான் செய்திருக்க வேண்டும் என்றும் சொன்னாள். கடைசியில், யார் இதை உங்களுக்கு அறிமுகப்படுத்தியது என்று கேட்டாள். குறிப்பில் எழுதுவதற்காகத்தான் கேட்டாள்.

தவராசா கண்ணைத் திறந்து கால்மாட்டைப் பார்த்தார்.

"மை வைஃப்," என்றார். பிறகு அக்காவின் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார். "நகுலாதான் பழக்கினவ. எனக்கு உதைப்பற்றி என்ன தெரியும்? அவதான் கன வருஷமாப் பாவிக்கிறவ. அதுக்கு முந்திச் சிகரெட்டும் பத்தினவ."

டொக்டருக்கு விளங்காததால் அவள் எழுதிக்கொண்டே இருந்தாள்.

"அம்மா?" என்றாள் கோசிகா.

இரண்டு வைக்காதேங்கோ என்று எத்தனை தடவை சொன்னேன் என்று நகுலேஸ்வரிக்கு வாய்வரை வந்தது. நீலப் பேணி, நாலு, அரை மணித்தியாலம், இடம் வலம் மாற்றி, டொக்டரைக் கேட்போம் என்றது, அரிசி வாளி, எல்லாம் வந்தது. இந்த இடத்தில் அதையெல்லாம் சொன்னால், தான் எவ்வளவு கை தேர்ந்தவள் என்பதற்குத்தான் அது சாட்சியாகும் என்றும் தெரிந்தது.

"ஓம்," என்று மட்டும் சொன்னாள்.

அருள்நாயகி, நகுலேஸ்வரிக்குப் பக்கத்தில் கதிரையில் வைத்திருந்த தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். யாரையும் பார்க்காமல் சொன்னாள். "தம்பி பத்தினவன்தான். வெளியில நிண்டு, நாலு பேருக்கு முன்னால பத்தினவன். ஒளிச்சுப் பத்தேல்ல."

தவராசா அடுத்த கிழமையே சிகரெட்டுக்குத் திரும்பினார். உந்த நஞ்சைவிட இது எனக்குத் தெரிஞ்ச சாமான் என்றார். யாரும் தட்டை எறியவில்லை, யாரும் அழவில்லை. அருள்நாயகி தொலைபேசியில், "மெல்ல மெல்லக் குறைப்பான். பாவம், அவனைப் பேய்க்காட்டி வேற எதையோ குடுத்துப்போட்டாள்," என்று சொன்னது ஒலிபெருக்கியில் குசினிவரை கேட்டது. இருமல் பழையபடி வந்தது. ஒவ்வொரு இருமலுக்கும் அவர் நகுலேஸ்வரியைப் பார்த்தார்.

கோசிகா நாலு நாள் அம்மாவோடு கதைக்கவில்லை. ஐந்தாம் நாள் சாப்பாட்டு மேசையில் ஃபோனை வைத்துக்கொண்டு வாசித்தாள். தலைச்சுற்று, ஓங்காளம், விக்கல், வாய்ப்புண், முரசு தேய்தல், இருதயப் படபடப்பு, இரத்த அழுத்தம் ஏறுதல், பழக்கமாதல். ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் வாசித்து, தலையை நிமிர்த்தி, அடுத்ததை வாசித்தாள்.

"எனக்குத் தெரியும், பிள்ளை. நான் வாசிச்சனான்," என்றாள் நகுலேஸ்வரி.

"யூ நியூ? தெரிஞ்சுதான் அப்பாவுக்குக் குடுத்தனீங்களா?"

"புகையை விட உது..." என்று தொடங்கினாள். பின்வளவில் நின்ற அந்த வலது கையை மகளுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. "சரியாப் பாவிச்சால்..." என்றாள். அந்த வசனத்தையும் முடிக்கவில்லை.

"இவ்வளவு காலமும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லேல்ல. நீங்கள் ஆரெண்டே எனக்குத் தெரியேல்ல, அம்மா." கோசிகாவின் குரல் உடைந்தது. அவள் எழுந்து, கதவுக் கொழுக்கியில் தொங்கிய தாயின் கைப்பையை எடுத்து, உள் ஸிப்பைத் திறந்து, நீலப் பேணியை எடுத்துக் குப்பைக்குள் போட்டாள். அன்றிலிருந்து வேலை முடிந்து வந்ததும் நகுலேஸ்வரியே பையைத் திறந்து மேசையில் வைக்கத் தொடங்கினாள். யாரும் கேட்கவில்லை. வைத்தால் வீட்டில் கொஞ்சம் காற்று ஓடியது.

பழக்கம் அந்தப் பேணியோடு போகவில்லை. சமையற்கூடத்தில் தன் பெட்டகத்துக்குள் வேறு ஒரு பேணி வைத்திருந்தாள். முன்பு நாலு என்று இருந்தது இப்போது ஆறாகியிருந்தது. இடம் மாற்றி வைக்கவும் மறந்தாள். மேல் வரிசையில் இடது பக்கத்துப் பல்லின் வேர் வெளியே தெரியத் தொடங்கியது. குளிர் தண்ணி பட்டால் கண்ணுக்குள் ஊசி ஏறியது. கைத்தொலைபேசி வெளிச்சத்தில் கண்ணாடியில் உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். விதிமுறைகளைக் கட்டிக்காத்த ஆறு வருஷமும் முரசு அங்கே சத்தமில்லாமல் தேய்ந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

சாப்பாட்டு இடைவேளையில் பாரிசில் இருந்த டொலறசைத் தொலைபேசியில் அழைத்தாள். நடந்ததைச் சொல்லத் தொடங்க முதலே டொலறஸ் சொன்னாள், "கேள்விப்பட்டனான். எழுத்துக்கு வந்த ஆக்கள் இஞ்சையும் கதைச்சவை." குரலைத் தாழ்த்தினாள். "நகுலா, நீ என்ர பேரைச் சொன்னனியோ?"

"இல்லை."

"நல்லது. என்ர மனுசனுக்கு இண்டைவரைக்கும் தெரியாது. சரி, வைக்கிறன், ஆக்கள் வருகினம்."

ஆவணியில் ஒரு பின்னேரம் தவராசாதான் பேச்சை எடுத்தார். "நீ முதல் விடு. பேந்து நான் விடுறன். ஒரு வீட்டில ஒராள் பாவிச்சுக்கொண்டு இருந்தால் மற்ற ஆள் எப்பிடி விடுறது?" கோசிகா தலையாட்டினாள். அவளே மருந்துக் கடையில் நேரம் பதிந்து கொடுத்தாள். புகைப்பதை நிறுத்த உதவி செய்கிற இலவச ஏற்பாடு, பவுச்சுக்கும் வரலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை மூன்று மணி.

அன்று அடைமழை. தவராசா காரில் கொண்டுபோய் விட்டார். வழியில் றோட்டு வேலை, ஒரு சந்தியில் இருபது நிமிஷம் நின்றார்கள். மழை அடித்ததால் யன்னலை இறக்கவில்லை. அவர் ஒன்று பத்தினார். அது முடிய இன்னொன்று; காருக்குள் புகை அடைந்து நின்றது. இருமியபோது ஸ்டியரிங்கில் நெற்றி முட்டியது. நகுலேஸ்வரி கைகளை மடியில் வைத்துக்கொண்டு வைப்பர் அங்கும் இங்கும் போவதைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். மருந்துக் கடை வாசலில் நிறுத்தி, "எல்லாத்தையும் உண்மையாச் சொல்லு. ஒளிக்காத," என்று சொல்லி அனுப்பினார்.

பின்னால் இருந்த சின்ன அறையில் மருந்தாளர் ஸ்ரீநிதி காத்திருந்தாள். தமிழ்நாட்டுப் பெண். முப்பது வயது இருக்கும். கதவைச் சாத்திவிட்டுச் சிரித்தாள்.

"உட்காருங்க அக்கா. தமிழ்லயே பேசலாம். இங்க நீங்க சொல்றது இந்த ரூமைத் தாண்டிப் போகாது. எவ்ளோ நாளா யூஸ் பண்றீங்க?"

"பவுச்சோ? ஆறு வருஷம்."

"அதுக்கு முன்னாடி?"

"சிகரெட். பதின்மூண்டு வருஷம்."

ஸ்ரீநிதி முகத்தில் ஒன்றும் மாறவில்லை. படிவத்தில் இரண்டையும் கூட்டிப் பத்தொன்பது என்று எழுதினாள். அந்த எண்ணை வேறொருவரின் கையெழுத்தில் பார்த்தபோது நகுலேஸ்வரிக்கு விசித்திரமாக இருந்தது. எழுந்தவுடன் எவ்வளவு நேரத்தில் முதலாவதை வைப்பீர்கள் என்று ஸ்ரீநிதி கேட்டாள். உதட்டைத் தூக்கச் சொல்லி ஒரு சின்ன டார்ச்சால் பார்த்தாள். "இந்தப் பல்லைக் கண்டிப்பா டென்டிஸ்ட் பாக்கணும்," என்று மெதுவாகச் சொன்னாள். "ஒரேயடியா நிறுத்த வேணாம். முதல்ல எண்ணிக்கையைக் குறைப்போம், அப்புறம் பவரைக் குறைப்போம். எரிச்சல் வரும், தூக்கம் வராது, யாரப் பாத்தாலும் கோவம் வரும். அது சகஜம். வீட்ல சப்போர்ட் இருக்கா?"

நகுலேஸ்வரிக்குத் தட்டு எறிந்த சுவர் ஞாபகம் வந்தது. தனக்குக் கோபம் வந்தால் அந்த வீட்டில் எந்தச் சுவரில் எறிவது?

"ஓம்," என்றாள்.

ஸ்ரீநிதி பெட்டியிலிருந்து உள்ளங்கை அளவு இயந்திரம் ஒன்றை எடுத்து, அதில் ஒரு கடதாசிக் குழாயைச் செருகினாள். "இது எல்லாருக்கும் எடுக்கிறதுதான் அக்கா. மூச்சுல இருக்கிற புகையை மட்டும்தான் இது காட்டும். பவுச் இதுல தெரியாது. அதனால உங்களுக்குப் பயமே வேணாம், ஒண்ணு, ரெண்டு, அதுக்குள்ளதான் வரும். நல்லா மூச்ச இழுத்து அடக்குங்க. நான் சொல்றப்போ மெதுவா ஊதுங்க, கடைசிச் சொட்டு வரைக்கும்."

அவள் மூச்சை இழுத்து அடக்கினாள். திரையில் பதினைந்திலிருந்து எண்கள் குறைந்து வந்தன. மழைச் சத்தம் கேட்டது. சுவருக்கு வெளியே, கடை வாசல் பக்கமாக, அவளுக்கு நன்கு பழக்கமான ஒரு இருமலும் கேட்டது.

"இப்ப ஊதுங்க."

அவள் குழாயை உதடுகளுக்கிடையில் வைத்து ஊதினாள். திரையில் ஒன்று வந்தது. இரண்டு, மூன்று. ஸ்ரீநிதி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். நாலு. ஐந்து. நெஞ்சு காலியாகும்வரை நகுலேஸ்வரி ஊதிக்கொண்டே இருந்தாள். எண் ஏறிக்கொண்டே இருந்தது.